இடது கால் செருப்பு

குளியலறை வாசலில் கிடந்த ஈரத்தடங்கள் ஒரு காலினுடையவை மட்டும்.

கமலநாயகி கடைப் பைகளைக் கீழே வைக்காமலே நின்று பார்த்தாள். மாலை ஐந்து மணிதான் ஆகியிருந்தது, ஆனால் நவம்பரில் ஜெர்மனியின் எசன் நகரம் ஐந்து மணிக்கு முன்பே இருண்டுவிடும்; ஜன்னலுக்கு வெளியே ட்ராமின் மஞ்சள் வெளிச்சம் நனைந்த தெருவில் இழுபட்டுக்கொண்டு போனது, அது போன பிறகு கண்ணாடியில் மழை தட்டும் சத்தமும், ஹீட்டர் குழாய்க்குள் தண்ணீர் முனகும் சத்தமும், முந்தின நாள் குழம்பின் வெந்தய வாசனையும் மட்டும் வீட்டில் மிஞ்சின. தடங்கள் ஐந்து. அகன்ற விரல்கள். எல்லாம் வலது கால். குளியலறையிலிருந்து இருப்பறை வரை போயிருந்தன. இடது கால் விழுந்திருக்க வேண்டிய இடங்களில் தண்ணீர் இல்லை. கொஞ்சம் மணல் இருந்தது.

இருப்பறையில் அவளுடைய கணவர் தியாகராசா சத்தமில்லாமல் ஓடிய தொலைக்காட்சிக்கு முன்னால் இருந்தார். இரண்டு காலிலும் கம்பளிக் காலுறை. இரண்டும் உலர்ந்திருந்தன.

"ஆரப்பா கால் கழுவினது?"

"தெரியேல்லை," என்றார் அவர், திரும்பிப் பார்க்காமல். "நீர் துடைச்சு விடுமன்."

அவளுக்குப் பயம் வரவில்லை. எரிச்சல்தான் வந்தது. மூன்று வருடங்களாக அவள் துடைத்துக்கொண்டே இருந்தாள். சிந்திய தேநீரை, அடுப்பில் பொங்கிக் கருகிய பாலை, குளிர்சாதனப் பெட்டிக்குள் அவர் மறந்து வைத்த சவர்க்காரம் கரைந்து ஒழுகியதை. இப்போது இது. துணியை எடுத்து முழங்காலிட்டுத் துடைத்தாள். பிழிந்தபோதுதான் மணம் வந்தது. நனைந்த கயிறு, பாசி, மீன் சந்தை கலைந்த பிறகு தரையிலிருந்து கிளம்பும் ஒரு வாடை. முகத்தில் விழுந்த மயிரைப் புறங்கையால் ஒதுக்கும்போது உதட்டில் கை பட்டது.

உப்புக் கரித்தது.

*

தியாகராசாவுக்கு வயது ஐம்பத்தெட்டு. பதினெட்டு வருடம் ஒரே உணவகத்தின் சமையலறையில் வேலை செய்தவர், ஒருநாள் வேலை முடிந்து வரும்போது எந்த நிறுத்தத்தில் இறங்குவது என்று தெரியாமல் ட்ராமின் கடைசித் தரிப்பிடம் வரை போய் அங்கேயே இருந்தார். அப்படித்தான் தொடங்கியது. ஞாபகத்தை அரிக்கும் அந்த நோய்க்கு மருந்து இல்லை என்றார்கள். பிறகு, 2008 தொடக்கத்தில், ஒரு மருத்துவமனையில் புதிய மருந்தொன்றைச் சோதித்துப் பார்க்கிறார்கள், ஆட்களைச் சேர்க்கிறார்கள் என்று கடிதம் வந்தது.

அங்கே தமிழ் தெரிந்த தாதி ஒருத்தி இருந்தாள். பேர்பெச்சுவா என்று பெயர், மன்னார்ப் பிள்ளை, சிரித்த முகம். டொக்டர் தாளில் படம் கீறிக் காட்டியதை அவள்தான் தமிழில் விளங்கப்படுத்தினாள்.

"இந்த ஊர்த் தண்ணியிலை கெட்டிலுக்கு அடியிலை சுண்ணாம்பு பிடிக்குமெல்லோ அக்கா, அப்பிடி மூளையிலை ஒரு அழுக்குப் படியுதாம். இந்த மருந்து போய் அதிலை ஒட்டும். ஒட்டினதை உடம்பே வழிச்சுத் துடைச்சுக்கொண்டு போயிடும்."

மூன்று மாதத்துக்கு ஒருமுறை நரம்பில் ஏற்றுவார்கள். மூளை வீங்காமல் இருக்கிறதா என்று இடைக்கிடை படம் எடுத்துப் பார்ப்பார்கள். பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு வெறும் உப்புத் தண்ணீர். யாருக்கு எது போகிறது என்று நோயாளிக்கும் தெரியாது, தாதிக்கும் தெரியாது, டொக்டருக்கும் தெரியாது.

"சுண்ணாம்பு போனா அடியிலை என்ன இருக்கும்?" என்று கமலநாயகி கேட்டாள்.

பேர்பெச்சுவா சிரித்தாள். "அடிதான் இருக்கும் அக்கா."

ஆனால் சேருவதற்கு ஒரு சோதனை இருந்தது. இன்றைக்கு என்ன நாள், இந்தத் தாளை இரண்டாய் மடியுங்கோ, எலுமிச்சை, திறப்பு, பந்து என்ற மூன்று சொல்லையும் பிறகு கேட்பேன் சொல்லுங்கோ. இரண்டு புள்ளி குறைந்துவிட்டது. மூன்று கிழமை கழித்து ஒருமுறை மட்டும் திரும்ப வரலாம் என்றார்கள். வெளியே வரும்போது பேர்பெச்சுவா இரகசியமாய்ச் சொன்னாள்: வீட்டிலே அவருக்குப் பாடமாய்த் தெரிந்தது எதையாவது சத்தமாய் வாசிக்கச் சொல்லுங்கோ, மூளை இளகும். தேவாரமோ, பாட்டோ, எதுவானாலும்.

தியாகராசாவுக்குத் தேவாரம் வராது. பாட்டும் வராது. பழைய புகைப்படங்கள் இருந்த பெட்டி தொண்ணூற்றைந்தில் யாழ்ப்பாணத்தை விட்டு எல்லோரும் வெளியேறியபோது வீட்டோடு போய்விட்டது. அவர் வாழ்க்கையில் பாடமாக்கியது ஒன்றே ஒன்றுதான். அது அவருடைய கேஸ்.

கேஸ் என்பது அகதி விசாரணையில் சொல்வதற்காக எழுதிப் பாடமாக்கிய கதை. எண்பத்தைந்தில் அவர் இங்கே வந்தபோது சொல்ல உண்மை இல்லாமல் இல்லை. இரண்டு சுற்றிவளைப்பில் பிடிபட்டு, துவக்குப் பிடியால் தோளில் அடி வாங்கி, அந்தத் தோள் இன்றைக்கும் குளிருக்கு வலிக்கும். ஆனால் அகதி முகாமில் எல்லோருக்கும் கேஸ் எழுதிக் கொடுத்த செல்வராசா என்பவர் அதைக் கேட்டுவிட்டுத் தலையை ஆட்டினாராம். தோளிலை அடி எல்லாருக்கும்தான், உது நிக்காது. சுவரில் பிள்ளையார் படம் போட்ட கலண்டர் தொங்கியது. செல்வராசா அதை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். கூடப்பிறந்தவர் ஒருவரும் இல்லாத தியாகராசாவுக்கு ஐங்கரன் என்று ஒரு தம்பி பிறந்தான்.

என் தம்பி ஐங்கரன், வயது பத்தொன்பது. கடலுக்குப் போனவனைப் பிடித்துக்கொண்டு போனார்கள். மூன்றாம் நாள் கரையொதுங்கினான். இடது காலில் செருப்பு இருந்தது. வலது காலில் இல்லை. நான்தான் அடையாளம் காட்டினேன். எனக்கு வேறு ஒருவரும் இல்லை. நான் மணமாகாதவன்.

விசாரிக்கிறவையள் பெரிய விசயத்தை நம்பமாட்டினம், செருப்பைத்தான் நம்புவினம் என்றாராம் செல்வராசா.

மணமாகாதவன் என்று எழுதியதற்கும் ஒரு காரணம் இருந்தது. மனைவி என்றால் இன்னும் பத்துக் கேள்வி வரும். கமலநாயகி அப்போது நான்கு மாதப் புதுப்பெண், யாழ்ப்பாணத்தில் இருந்தாள். நான்கு வருடம் கழித்து அவளும் வந்து, அவரை முன்பின் கண்டிராதவள் போல வேறொரு கேஸ் சொல்லி, பிறகு எசன் பதிவகத்தில் இருவரும் இரண்டாம் முறை கலியாணம் கட்டினார்கள். அது வெகுகாலம் வீட்டுப் பகிடியாய் இருந்தது. அவள் எதற்காவது ஏசினால் அவர் கையை விரித்து, "கேஸின்படி நான் உம்மைக் கண்டதே இல்லையப்பா," என்பார்.

அவர் அன்று தன் கையால் பார்த்தெழுதி வைத்த அந்தக் கேஸ் தாளைத்தான் அவள் கோப்பிலிருந்து எடுத்தாள். மூன்று கிழமை, காலையும் மாலையும், குசினி மேசையில் அவரை இருத்தி வாசிக்க வைத்தாள். முதல் நாள் எழுத்தே பிடிபடவில்லை. மூன்றாம் நாள் வாய் தானாக ஓடியது. மூன்றாம் கிழமை தாளைப் பாராமலே சொன்னார், ஒரு சொல் பிசகாமல். மறு சோதனையில் மூன்று புள்ளி கூடுதலாக எடுத்தார்.

அன்று அவள் பெருமைப்பட்டாள். அதை நினைத்தால் இப்போது தன் வாயிலேயே அடிக்க வேண்டும் போல இருந்தது.

*

அவள் எதிர்பார்த்தது பெரிதாய் ஒன்றும் இல்லை. யாழ்ப்பாணத்துக் கலியாணத்தன்று, மாப்பிள்ளையை ஏற்றி வந்த வான் கதவில் பட்டு அவருடைய வேட்டி தொடையிலிருந்து கீழே வரை கிழிந்தது. அன்று முழுக்க அவர் கிழிசலைப் பிடித்துக்கொண்டு நண்டு போலப் பக்கவாட்டில் நடந்தார். தாலி கட்டும்போதும் ஒரு கை வேட்டியில் இருந்தது. அதைக் கண்டவர்கள் எல்லோரும் செத்துவிட்டார்கள் அல்லது சிதறிவிட்டார்கள். அவளுக்கும் அவருக்கும் மட்டும் தெரிந்த ஒன்று. அவர் அதை ஒருமுறை தானாகச் சொன்னால் போதும். மருந்து ஏறிய ஒவ்வொரு முறையும் ஒரு கிழமை பொறுத்துக் கேட்பாள்.

"வேட்டி கிழிஞ்சது ஞாபகம் இருக்கே?"

அவர் மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருப்பார். யாரோ வீட்டு விசேஷத்தைக் கேட்பது போல.

ஆனால் புள்ளி ஏறியது. இரண்டாம் முறைக்குப் பிறகு ஏறியது, மூன்றாம் முறைக்குப் பிறகு இன்னும் ஏறியது. பழைய வாழ்க்கையைப் பற்றிச் சொல்லுங்கோ என்று டொக்டர் கேட்டபோது தியாகராசா நிமிர்ந்து இருந்து, ஆண்டு, மாதம், கரை, செருப்பு என்று ஒழுங்காகச் சொன்னார். பேர்பெச்சுவா மொழிபெயர்க்கும்போது கண்ணைத் துடைத்தாள். டொக்டர் கமலநாயகியின் கையைப் பிடித்துக் குலுக்கினார். அவளுக்கு அந்தக் கையை உதற வேண்டும் போல இருந்தது. அது இல்லை, அது இல்லை என்று சொல்ல வாயைத் திறந்து மூடினாள். அது பொய் என்றால் கேஸ் பொய். கேஸ் பொய் என்றால் கடவுச்சீட்டு என்ன ஆகும்? அந்தப் பயத்தை இருபது வருடம் விழுங்கியே பழகியவள், இப்போதும் விழுங்கினாள்.

ஆவணி முடிவில் ஒருநாள் சோற்றுத் தட்டுக்கு முன்னால் இருந்துகொண்டு அவர் கேட்டார்: "தம்பி சாப்பிட்டானோ?"

நவம்பரில், கால்தடங்களைத் துடைத்த மறுநாள், மகளுக்குத் தொலைபேசி எடுத்தாள். ஆதிரை ஸ்டுட்கார்ட்டில் படிப்பு, எப்போதும் ஒரு வகுப்புக்கும் இன்னொரு வகுப்புக்கும் இடையில் இருப்பாள். அப்பா இல்லாத ஒருத்தரைக் கேட்கிறார் என்றால், அது நோயின் குணம் என்றாள். வீட்டில் கால்தடம் என்றால், அப்பாதான் காலுறையைக் கழற்றி மாட்டியிருப்பார் என்றாள்.

"புள்ளி கூடுது எண்டு டொக்டர் சொல்லுறார், நீங்கள் குறை சொல்லுறீங்கள். அம்மா, உங்களுக்குத்தான் ஸ்ட்ரெஸ். உங்கடை ஹவுஸ் டொக்டரிட்டை ஒரு டெர்மின் எடுத்து, அந்த நேரத்துக்குப் போய்க் காட்டுங்கோ."

கமலநாயகி தொலைபேசியை வைத்துவிட்டு குசினிக்குப் போனாள். ஏதாவது செய்ய வேண்டும் என்று கெட்டிலுக்குள் வினாகிரி ஊற்றிக் கொதிக்க வைத்தாள். சுண்ணாம்பு தகடு தகடாக உரிந்து மிதந்தது. ஊற்றிவிட்டு உள்ளே பார்த்தாள். சுத்தமான அடி. அதில் அவளுடைய முகம் கோணலாய்த் தெரிந்தது. அதன் தோளுக்குப் பின்னால் இன்னொன்று தெரிந்தது போல இருந்தது, திரும்பினாள், கதவில் தொங்கிய மழைக்கோட்டு. மழைக்கோட்டிலிருந்து சொட்டுச் சொட்டாய் நீர் விழுந்தது. அன்று காலையிலிருந்து மழையே பெய்யவில்லை.

*

சத்தம் முதலில் படிக்கட்டில்தான் கேட்டது.

அவர்கள் இருந்தது மூன்றாம் மாடி. பொதுப் படிக்கட்டு விளக்கு, பொத்தானை ஒருமுறை அழுத்தினால், இரண்டு நிமிடம் எரிந்து தானாக அணையும். பின்னேரங்களில் அயலவர் வேலை முடிந்து வரும் காலடிகளை அவள் கேட்டே அறிவாள். முதலாம் மாடிக் கிழவனின் கைத்தடி, எதிர் வீட்டுக்காரியின் குதிச் செருப்பு. இது அவற்றில் ஒன்றும் இல்லை. சட் என்று ரப்பர் செருப்பு கல்லில் அறையும், பிறகு பச்சக் என்று ஈரமான வெறுங்கால் ஒட்டும், சட், பச்சக், சட், பச்சக், அவசரமே இல்லாமல், வழி தெரியாதவன் கதவிலக்கங்களைப் பார்த்துப் பார்த்து வருவது போல, ஒவ்வொரு நாளும் ஒரு தளம் கூட.

அவர்களின் கதவுக்கு முன்னால் அது நின்ற நாளில் தியாகராசா எழுந்து போய்க் கதவைத் திறந்தார். வெளியே இருட்டு. ஆளில்லை. அவர் ஒதுங்கி வழி விட்டார். பிறகு கதவைச் சாத்திவிட்டு, நின்றுகொண்டிருந்த அவளைப் பார்த்தார்.

"நீங்கள் இருங்கோ," என்றார். "ஏன் நிக்கிறீங்கள்?"

இருபத்துமூன்று வருடத்தில் அவர் அவளை நீர் என்று மட்டும்தான் சொன்னார். கோபத்தில் நீ. மரியாதை ஒருநாளும் இல்லை. நீங்கள் என்பது வெளியாட்களுக்கு. அலுவலகத்தில், கோவிலில், கடையில் கண்டவர்களுக்கு. அவள் கதிரையில் இருந்தாள். நோய் மோசமாகி அவர் அவளை மறந்தால் அதற்கு அவள் ஆயத்தமாக இருந்தாள். இது மறதி இல்லை. அவர் கண் தெளிவாக இருந்தது. மூன்று வருடத்தில் அவ்வளவு தெளிவாக இருந்ததில்லை.

கேஸில் அவள் இல்லை.

அந்த எண்ணம் வந்தவுடன் அவள் எழுந்து போய்க் குளியலறைத் தரையைத் துடைக்கத் தொடங்கினாள், அது உலர்ந்திருந்தபோதிலும்.

*

நான்காம் முறை மருந்து ஏற்றுவது நவம்பர் கடைசிக் கிழமை. அன்று அவள் அதை நிறுத்தியே தீருவது என்று முடிவெடுத்துக்கொண்டு போனாள். வரவேற்பில் காத்திருக்கச் சொன்னார்கள். காத்திருந்தாள். ஒரு படிவம் நீட்டினார்கள், விலகுவதற்கு அது இல்லை என்று வேறொன்று நீட்டினார்கள், அதிலும் கையெழுத்து நோயாளியுடையதாக இருக்க வேண்டும் என்றார்கள். அவளுக்குத் தெரிந்த ஜெர்மன் கடைக்கும் துப்புரவு வேலைக்கும் போதும். இதற்குப் போதாது. டொக்டர் குனிந்து தியாகராசாவையே கேட்டார். தியாகராசா, ஒன்றரை வருடமாக ஒரு ஜெர்மன் சொல் பேசாத மனிதர், அழகான ஜெர்மனில் சொன்னார், நான் தொடர விரும்புகிறேன். டொக்டரின் முகம் மலர்ந்தது.

கமலநாயகி பேர்பெச்சுவாவின் கையைப் பிடித்து நடைக்கு இழுத்துக்கொண்டு வந்தாள். பானங்கள் விற்கும் இயந்திரம் ஒன்று அங்கே உறுமிக்கொண்டிருந்தது. அதன் பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் சொன்னாள். முதல் தடவையாக, வீட்டுக்கு வெளியே ஒருவரிடம். செல்வராசா, கலண்டர், செருப்பு.

"அப்பிடி ஒரு தம்பியே இல்லைப் பிள்ளை. அவர் தனிப்பிள்ளை. நாங்கள் எழுதின கேஸ் அது. நான்தான் திரும்பப் பாடமாக்க வைச்சனான்."

பேர்பெச்சுவாவின் முகத்தில் சிரிப்பு இல்லை. கோபமும் இல்லை. பரிதாபம் இருந்தது, அதுதான் தாங்க முடியவில்லை.

"அக்கா, செத்தவரைப் பற்றி அப்பிடிச் சொல்லாதேங்கோ."

"செத்தவரே? பிறக்கவே இல்லை எண்டிறன்."

"அப்ப நேற்றுப் போனிலை கதைச்சவர் ஆர்? டெர்மின் ஞாபகப்படுத்த நான் எடுத்தனான். ஒரு தம்பிதான் எடுத்தவர். அண்ணை குளிக்கிறார், நான் சொல்லுறன் எண்டவர்." அவள் கொஞ்சம் யோசித்தாள். "லைன்தான் சரியில்லை. கடற்கரையிலை நிண்டு கதைக்கிற மாதிரி ஒரே இரைச்சல். அப்பதான் நினைச்சன், அண்ணைக்கு இன்னொரு தம்பி இருக்கிறார் போலை எண்டு. பேர் கேட்டு எழுதினனான்."

அவள் கோப்பைத் திறந்து காட்டினாள். நோயாளியுடன் வீட்டில் இருப்பவர் என்ற வரியில் முன்பு கமலநாயகியின் பெயர் இருந்தது. இப்போது அதன்மேல் ஒரு நேர்கோடு. பக்கத்தில், பேர்பெச்சுவாவின் வட்டமான எழுத்தில், ஐங்கரன். தம்பி.

"என்ரை பேரை ஏன் வெட்டினனீங்கள்?"

பேர்பெச்சுவா தாளைப் பார்த்தாள். அவளுடைய புருவம் சுருங்கியது. "தெரியேல்லை அக்கா," என்றாள் மெதுவாக. "நான் வெட்டின ஞாபகம் இல்லை."

உள்ளே ஊசி குத்தியாகிவிட்டது. கண்ணாடி போன்ற திரவம் பையிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தது. துளி. துளி. மருந்தா, உப்புத் தண்ணீரா. அவள் பையையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெறும் உப்புத் தண்ணீராய் இருக்க வேண்டும் என்று முதலில் வேண்டிக்கொண்டாள். பிறகு அப்படி வேண்டவும் பயமாய் இருந்தது.

*

திரும்பி வரும்போது நாலரை. இருட்டு. ட்ராமில் இருவர் இருக்கும் இருக்கையில் தியாகராசா ஜன்னலோரம் இருந்தார். பக்கத்து இடத்தில் கையை வைத்துக்கொண்டார். அவள் நின்றாள். ஏறியவர்கள் ஒருவரும் அந்த வெற்றிடத்தில் இருக்கவில்லை. ஒரு பெண் குனிந்து பார்த்து, இருக்கை நனைந்திருக்கிறது என்று முகம் சுளித்துப் போனாள்.

படிக்கட்டு. விளக்குப் பொத்தானை அழுத்தினாள். அவர் முன்னே ஏறினார், திடமான கால்களோடு. அவள் பின்னே. முதலாம் மாடி. இரண்டாம் மாடி. அவளுக்குப் பின்னால் சட். பச்சக். அவள் நின்றாள். அதுவும் நின்றது. விளக்கு அணைந்தது. சுவரைத் தடவிப் பொத்தானைத் தேடும்போது உப்பும் பாசியும் கலந்த ஒரு மூச்சு அவளுடைய பிடரியைத் தொட்டு, அவளைச் சுற்றிக்கொண்டு, அவளுக்கு முன்னால் ஏறிப் போனது.

வீட்டுக்குள் போனதும் மேற்கோட்டைக் கூடக் கழற்றாமல் கோப்பை எடுத்தாள். மஞ்சளாகிப்போன தாள். அவருடைய இளம் வயதுக் கையெழுத்து. குசினித் தொட்டிக்கு மேலே பிடித்து நெருப்பு வைத்தாள். கருகிய மணம் எழுந்தது, சாம்பல் விழுந்தது, குழாயைத் திறந்து அதையும் போக்கினாள். பிறகு மேசைக்கு வந்து, அவருக்கு எதிரே தன்னுடைய கதிரையில் இருந்தாள்.

"இஞ்சை பாருங்கோ. அது முடிஞ்சுது. எரிச்சுப்போட்டன். உங்களுக்குத் தம்பி இல்லை. நான் இருக்கிறன். உங்கடை வேட்டி கிழிஞ்சது. வான் கதவிலை. நீங்கள் நண்டு மாதிரி நடந்தனீங்கள். சொல்லுங்கோ. ஒருக்காச் சொல்லுங்கோ."

அவர் அவளைப் பார்க்கவில்லை. அவள் இருந்த திசையைப் பார்த்தார், அவளுக்கு ஊடாக, அவளுக்குப் பின்னால் இருந்த கதவை. வாய் திறந்தது.

"என் தம்பி ஐங்கரன். வயது பத்தொன்பது."

"வேண்டாம்."

"கடலுக்குப் போனவனைப் பிடித்துக்கொண்டு போனார்கள்."

குளியலறையில் தண்ணீர். குழாயின் சத்தம் இல்லை. அலை.

"மூன்றாம் நாள் கரையொதுங்கினான்."

சட்.

"இடது காலில் செருப்பு இருந்தது."

பச்சக்.

"வலது காலில் இல்லை. நான்தான் அடையாளம் காட்டினேன்."

நடை. இருப்பறை வாசல். குசினி வாசல். அவள் திரும்பவில்லை. திரும்ப ஏலாது. எதிரே இருட்டு ஜன்னல் கண்ணாடியில் குசினி முழுவதும் தெரிந்தது. மேசை. விளக்கு. தியாகராசா. அவருக்கு எதிரே ஒரு கதிரை.

வெறுங்கதிரை.

அவள் தன் கைகளை மேசையில் அழுத்தினாள். மரம் உள்ளங்கையில் தெரிந்தது. கண்ணாடியில் கை இல்லை.

"எனக்கு வேறு ஒருவரும் இல்லை," என்றார் தியாகராசா. "நான் மணமாகாதவன்."

அவருடைய முகம் இளகியது. எத்தனையோ வருடமாக அவள் காணாத சிரிப்பு. கலியாணத்தன்று வேட்டியைப் பிடித்துக்கொண்டு சிரித்த அதே சிரிப்பு. கதவைப் பார்த்து அவர் கையை நீட்டினார்.

"வா தம்பி. உதிலை இரு. கதிரை சும்மாதானே கிடக்கு."

அவள் எழ முயன்றாள். அதற்குள் அது இருந்துவிட்டது. அவளுடைய மடியில். கடல் குடித்து ஊதிப்போன உடம்பின் பாரம் முழுவதும், குளிராய், ஈரமாய், தொடை வழியே வழிந்து காலடியில் சொட்டியது. அவளுடைய முகத்துக்கு நேரே நனைந்த பிடரி. மயிருக்குள் மணல். கத்த வாயைத் திறந்தாள். வாய்க்குள் உப்பு நீர்.

மேசைக்குக் கீழே ஒரு செருப்பு கழன்று விழுந்தது.

தியாகராசா எழுந்து தட்டு ஒன்றை எடுத்து வைத்தார். அகப்பையால் சோற்றை அள்ளி, அவளுடைய தோளுக்கு மேலால் கையை நீட்டி, பரிமாறத் தொடங்கினார்.